தகடு மண்ணுக்கு, காம்பு ஆளுக்கு

"யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?"

விருத்தாசலம் கடைவீதியில் ஓர் இரும்புக் கடை. மண்வெட்டி வேண்டும் என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் திருப்பிக் கேட்ட கேள்வி இது. எனக்குத்தான் என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். தப்பான பார்வை என்று சொல்லமாட்டேன், அளக்கிற பார்வை. அளந்து முடித்தவர் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டிகளின் பக்கம் போகவில்லை. கல்லாவுக்கு மேலே தொங்கிய ஓர் அட்டையைக் கழற்றி நீட்டினார். அதில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கரண்டி ஒன்று, முள்கரண்டி ஒன்று, கொத்து ஒன்று. "லேடீஸ் எல்லாம் இதைத்தாம்மா வாங்கறாங்க. மாடித்தோட்டத்துக்கு நல்லா இருக்கும்."

என் வீட்டில் மாடித்தோட்டம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் கொல்லை இருக்கிறது. செம்மண் நிலம். பங்குனி பிறந்துவிட்டால் கடப்பாரைக்கே பதில் சொல்லாத மண். வாழைக்குக் குழி எடுக்க வேண்டும், அவரைப் பந்தலுக்குக் கால் நட வேண்டும், மழைக்கு முன் பாத்திகளைத் திருப்ப வேண்டும். கரண்டியை வைத்துக்கொண்டு இதில் எதைச் செய்வது? அந்த அட்டையை நான் அதற்கு முன்பே இரண்டு முறை வாங்கியிருந்தேன். முதல் செட்டின் கரண்டி நாலாவது நாளே கழுத்தில் மடங்கியது. இரண்டாவது செட்டில் பிடி தனியாகக் கையோடு வந்துவிட்டது.

ஆகவே சுவரோரம் இருந்த மண்வெட்டிகளில் ஒன்றைப் பிடிவாதமாக வாங்கி வந்தேன். என் உயரம் நான்கடி பதினொரு அங்குலம். அந்த மண்வெட்டியின் காம்பை என் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கவில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஓங்கும்போது தகட்டின் எடை என்னை முன்னால் இழுத்தது. இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வீங்கியது, முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "உனக்கு எதுக்கு இந்த வேலை?"

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. என் கைக்குப் பொருந்தாத ஒரு பொருளை என் கையில் கொடுத்துவிட்டு, பொருந்தாமல் போனதற்கு என் கையைக் குற்றம் சொல்கிறார்கள். கருவி தோற்ற இடத்தில் பெண் தோற்றதாகக் கணக்கு எழுதுகிறார்கள்.

பொருள் வாங்கும்போது நாம் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "நல்லா உழைக்குமா?" தமிழில் நீடித்து நிற்பதற்கும் பாடுபடுவதற்கும் ஒரே வினைச்சொல். நல்ல செருப்பு உழைக்கும், நல்ல பாத்திரம் உழைக்கும், நல்ல அம்மிக்கல் மூன்று தலைமுறைக்கு உழைக்கும். பெண்ணைப் பற்றியும் இதே சொல்லைச் சொல்கிறோம். அவள் எவ்வளவு நாள் உழைப்பாள் என்று எந்தக் கடையிலும் யாரும் உத்தரவாதம் கேட்பதில்லை, அவ்வளவுதான். பெண்ணுக்கென்று விற்கப்படும் கருவி உழைக்காது. மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி வெட்டி, வண்ணம் பூசி, அட்டையில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை அது. ஏன் அப்படிச் செய்கிறார்கள்? அதைக் கொண்டு யாரும் நிஜமாக மண்ணைத் தோண்டப் போவதில்லை என்று செய்தவருக்கும் விற்பவருக்கும் நம்பிக்கை. உழைக்கிற கருவி வேண்டுமென்றால் ஆணின் அளவுக்குப் போக வேண்டும். என் அளவு வேண்டுமென்றால் விளையாட்டுச் சாமானுக்கு வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

இவ்வளவையும் நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவள்போலப் பொருமிக்கொண்டிருந்தபோது, கொல்லையைச் சுத்தம் செய்ய மாதம் இரண்டு முறை வரும் அக்கா களை கொத்திக்கொண்டிருந்தார். என்னைவிட உயரமானவர். அவர் கையில் இருந்த களைக்கொத்தின் காம்பு ஒன்றரை அடிகூட இருக்காது. இடுப்பை இரண்டாக மடித்து, தலை முழங்காலுக்குக் கீழே தொங்க, பாத்தி பாத்தியாக நகர்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"ரெண்டு வாரம் புடிச்சதுக்கே முதுகு வலிக்குதுங்கறீங்க டீச்சர். நான் பதிமூணு வயசுல புடிச்சேன் இத."

ஆறு வருடமாக அவர் இதே கொல்லையில் இப்படித்தான் குனிந்திருக்கிறார். நானும் ஆறு வருடமாகச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பெண்ணியக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு வந்த சாயங்காலமும் பார்த்திருக்கிறேன். எனக்கு வலித்த பிறகுதான் அது கருவியின் கோளாறாகத் தெரிந்தது. அதுவரை அது வெறுமனே களையெடுப்பு. வீட்டில் களைக்கொத்து வாங்கி வைத்திருந்தது நான்தான். அதன் காம்பு அவருக்குப் போதுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதைச் சொல்லாமல் கடைக்காரரை மட்டும் குறை சொன்னால் அது நேர்மையாகாது.

அன்றைக்கு அக்கா சொன்ன இன்னொன்று: "மம்பட்டிய மண்ணு பாத்து வாங்கணும், காம்ப ஆளு பாத்துப் போடணும். எங்கப்பா இருந்த வரைக்கும் எங்கம்மாவுக்குத் தனிக் காம்புதான்." கடைக்காரரும் இதில் பாதியை என்னிடம் சொல்லியிருந்தார். "மண்ணுக்கு ஏத்த மாதிரிதாம்மா மண்வெட்டி வரும், ஆளுக்கு ஏத்த மாதிரியா வரும்?" என்று சிரித்தார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. களிமண்ணுக்கு ஒரு தகடு, மணல்சாரிக்கு ஒரு தகடு. ஊருக்கு ஊர் அகலமும் சாய்வும் மாறும். ஆனால் தகடு மண்ணுக்கு என்றால் காம்பு ஆளுக்கு. காம்பைத் தெற்கத்திச் சிநேகிதி கணை என்பாள், சிலர் பிடி என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் அது மண்ணைத் தொடுகிற பாகம் இல்லை, மனுஷியைத் தொடுகிற பாகம். முன்பு கொல்லன் பட்டறையில் தகட்டை மட்டும் அடித்துக் கொடுப்பார்கள். வீட்டில் கருவேலங்கட்டையோ வேப்பங்கட்டையோ செதுக்கி அவரவருக்குப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் காலம் பெண்ணுக்குப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அளவு பார்க்கும் வழக்கம் ஒன்று இருந்தது, காம்போடு சேர்த்துத் தொழிற்சாலையில் செய்து லாரியில் இறக்கும் காலத்தில் அது தொலைந்தது என்பதுதான் செய்தி.

பெண்ணின் அளவு தெரியாததால்தான் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு எடுத்தாயிற்று. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் பல மாநிலங்களில் வேளாண் தொழிலாளர்களை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் 79 வகை உடலளவுகளை எடுத்து, 2009இல் நூலாகவே வெளியிட்டது. நின்ற உயரம், கை எட்டும் தூரம், உள்ளங்கை அகலம், பிடியின் விட்டம், தள்ளும் வலு, இழுக்கும் வலு எல்லாம் அதில் இருக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இந்த ஆய்வுத் திட்டத்தில் ஒரு மையம். அந்தக் கணக்கின்படி இந்திய வேளாண் தொழிலாளியான ஆணின் சராசரி உயரம் சுமார் 163 சென்டிமீட்டர். பெண்ணுக்கு 151க்குச் சற்று மேல். அரைச் சாண் வித்தியாசம். தசை வலுவில் வித்தியாசம் இன்னும் அதிகம். பெண்ணுக்கு ஏறத்தாழ ஆணின் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்துக்கொண்டுதான் வடிவமைப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

வேளாண்மையில் இருக்கும் பெண்களுக்காகவே 1996இல் புவனேஸ்வரில் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. பெண்களைக் கொண்டே கருவிகளைச் சோதித்துத் திருத்துவது அதன் வேலைகளில் ஒன்று. நின்றுகொண்டே முன்னும் பின்னும் தள்ளிக் களையெடுக்கும் இரட்டைச் சக்கரக் கொத்து, பல்வைத்த லேசான அரிவாள், உட்கார்ந்தபடி கடலை உடைக்கும் கருவி என்று ஒரு பட்டியலே உண்டு. அந்தப் பட்டியல் ஏன் விருத்தாசலம் கடைவீதிக்கு வந்து சேரவில்லை? நம் ஊரில் நிலக்கடலையிலும் முந்திரியிலும் புது ரகங்கள் தந்த மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கே உருவான கடலை விதை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. எத்தனை நாளில் விளையும், எந்தப் பட்டத்துக்கு ஏற்றது என்று விதையைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. மண்வெட்டிக் காம்பு எத்தனை அங்குலம், எந்த உயரத்து ஆளுக்கு என்று கேட்டால் சொல்ல யார் இருக்கிறார்?

ஆராய்ச்சி நிலையத்துக்கும் கடைக்கும் நடுவே வாங்குபவர் என்று ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலத்தைத் தம் பெயரில் நடத்துவோரில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். மானியம் நிலத்தின் பெயரைப் பார்த்து வருகிறது. மானியத்தில் தருகிற கருவித் தொகுப்பில் கடப்பாரை இருக்கும், மண்வெட்டி இருக்கும், களைக்கொத்து இருக்கும், அரிவாளும் இரும்புச் சட்டியும் இருக்கும். வாங்கப் போகிறவரின் உயரத்தைக் கேட்கும் கட்டம் உள்ள விண்ணப்பம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. குனிகிறவள் ஒருத்தி, கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். கையெழுத்துப் போடுகிறவருக்கு முதுகு வலிப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெண்ணின் அளவு என்றதும் எல்லோரும் எல்லாவற்றையும் சின்னதாக்கக் கிளம்பிவிடுகிறார்கள். 1840இல் லண்டனில் ஜேன் லௌடன் என்ற பெண்மணி சீமாட்டிகளுக்கான தோட்டக்கலை நூல் ஒன்றை எழுதினார். தோண்டுவது பெண்ணுக்கு முடியாத வேலை இல்லை, லேசான மண்வாரி இருந்தால் போதும் என்று அதில் சொன்னார். பாராட்ட வேண்டிய துணிச்சல்தான். ஆனால் அவர் மனத்தில் இருந்தவர் பூச்செடி வைக்கும் சீமாட்டி. கூலிக்குத் தோண்டுகிறவள் இல்லை. கூலிக்காரிக்குத் தருகிற கருவியின் கோளாறு வேறு. அவளுக்கு மண்வெட்டியில் எடை அதிகம், களைக்கொத்தில் காம்பு குட்டை. குட்டையாக இருப்பவளுக்குக் குட்டைக் காம்பு போதும் என்பது கேட்க நியாயமாகத் தெரியும். காம்பு குட்டையானால் உடம்பு இன்னும் குனியும் என்பது பிடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியது மண்வெட்டியில் குறைந்த எடை, மெல்லிய பிடி. அக்காவுக்கு வேண்டியது களைக்கொத்தில் நீண்ட காம்பு. பெண்ணுக்கும் ஒரே அளவு கிடையாது.

காம்பின் நீளம் எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அறியக் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும். அங்கே கீரை வயல்களிலும் சர்க்கரைக் கிழங்கு வயல்களிலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு ஓரடி நீளக் காம்பு போட்ட கொத்துதான் தருவார்கள். 'எல் கோர்ட்டிட்டோ', அதாவது குட்டையன் என்று தொழிலாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நாளெல்லாம் குனிந்து முதுகெலும்பு தேய்ந்து போனவர்கள் வழக்குப் போட்டார்கள், மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். நீளக் காம்பு போட்டால் வேலை சுத்தமாக இராது, பயிர் வெட்டுப்படும் என்று நில முதலாளிகள் வாதாடினார்கள். அவர்கள் வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. குட்டைக் காம்பு என்றால், வரப்பில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு யார் வேலை செய்கிறார், யார் செய்யவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். குனிந்திருப்பவர் வேலை செய்கிறார், நிமிர்ந்தவர் ஓய்ந்துவிட்டார். 1975இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து அந்தக் கருவிக்குத் தடை வந்தது. பயிர் ஒன்றும் அழிந்துவிடவில்லை. நீளக் காம்பை வைத்தே வேலை நடந்தது.

நம் ஊரில் அந்தக் கொத்துக்குத் தடையும் இல்லை, வழக்கும் இல்லை. இங்கே அது கூலியின் எல்லைக்கோடாகவும் இருக்கிறது. மண்வெட்டி ஆண் வேலை, களைக்கொத்து பெண் வேலை. மண்வெட்டி பிடித்தவருக்கு ஒரு கூலி, களைக்கொத்து பிடித்தவளுக்கு அதைவிடக் குறைந்த கூலி. ஒரே வேலைக்கோ ஒத்த வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தர வேண்டும் என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கருவி வேறு என்றால் வேலையும் வேறு என்று சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறது. அவள் தூக்க முடியாத எடையில் மண்வெட்டி இருக்கும் வரை அந்த வழி அடைபடாது. இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறோம். ஒற்றை நாற்று நடவு பரவியபோது நின்றபடி தள்ளும் கோனோ களைக்கருவி வயலுக்கு வந்தது. காலங்காலமாகப் பெண்ணின் வேலையாக இருந்த களையெடுப்பு, நிமிர்ந்து செய்யலாம் என்று ஆனவுடன், பல ஊர்களில் கூடுதல் கூலியோடு ஆண்களின் கைக்குப் போனது. குனிகிற வரை அது பெண் வேலை, நிமிர்ந்ததும் அது ஆண் வேலை.

தமிழ் படித்தவள் நான். நம் நூல்களில் இதற்கு என்ன இடம் என்று தேடாமல் இருக்க முடியுமா? வள்ளுவரின் 'உழவு' அதிகாரத்தை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கடைசி இரண்டு குறள்களில் பெண் வருகிறாள். ஒன்றில், உரியவன் போய்ப் பார்க்காவிட்டால் மனைவிபோல ஊடிவிடும் நிலம். மற்றதில், ஒன்றுமில்லை என்று சோம்பிக் கிடப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் நல்லாள் என்ற நிலம். அதற்கு முந்தைய குறளில் எருவிடுதலோடு களையெடுப்பும் வருகிறது, களையெடுத்தவள் வரவில்லை. பெண்ணை நிலமாக்கிப் பாடுவது நமக்குச் சுலபம். அவள் கையில் கருவி இருந்ததைப் பாடுவது கடினம். களைக்கொட்டுக்குச் சங்க இலக்கியத்தில் துளர் என்று பெயர். ஆய்வு மாணவியாக இருந்தபோது அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி, பொருளும் எழுதி, வருமிடங்களையும் எழுதி வைத்தேன். அதன் காம்பு எத்தனை சாண் இருந்திருக்கும், அதைப் பிடித்தவளின் இடுப்பு என்ன ஆகியிருக்கும் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, என் நெறியாளருக்கும் தோன்றவில்லை.

"எல்லாவற்றுக்கும் லேடீஸ், ஜென்ட்ஸ் என்று பிரிக்கச் சொல்கிறீர்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் சைக்கிள் கேட்டதில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. எனவே என் கோரிக்கை ரோஸ் நிறச் சீட்டு ஒட்டுவது பற்றியது இல்லை. ஐந்தடி ஆண் ஒருவருக்கும் அந்தப் பெரிய மண்வெட்டி பொருந்தாது. அவரும் வாய்திறக்க வெட்கப்பட்டுக்கொண்டு அதையே தூக்குகிறார். மூன்று எடையில் தகடு, மூன்று நீளத்தில் காம்பு, இரண்டு கனத்தில் பிடி. எடுத்துப் பார்த்து, கைக்கு வந்ததை வாங்கிக்கொள்ளலாம். செருப்புக் கடையில் இதைத்தானே செய்கிறோம்?

அளவு பார்ப்பது எங்கள் ஊருக்குத் தெரியாத வித்தையா? விருத்தாசலம் பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இங்கே இருக்கின்றன. ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை எல்லாம் இங்கிருந்து போகின்றன. பீங்கான் மண் காயும்போது ஒருமுறை சுருங்கும், சூளையில் வேகும்போது மறுமுறை சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். அப்போதுதான் வெந்து வரும் ஃபியூஸ் கட்டை தன் இடத்தில் சரியாக உட்காரும். சூளைக்குள் பொம்மை எவ்வளவு சுருங்கும் என்பதற்கு இந்த ஊரில் கணக்கு உண்டு. அந்தப் பொம்மையின் விளிம்பைச் செதுக்கிச் செதுக்கி நாற்பது வயதில் தோள் சுருங்கிப்போகும் பெண்ணுக்குக் கணக்கு இல்லை. ஆகவே கருவியை ஆளுக்கு ஏற்ப அளந்து செய்ய முடியாது என்று யாரும் இந்த ஊரில் என்னிடம் சொல்ல வேண்டாம்.

முடியும் என்பதைப் பிறகு நானே செய்து பார்த்தேன். பெண்ணாடம் சாலையோரம் வடக்கிலிருந்து வந்து கூடாரம் போட்டிருந்த ஒரு கொல்லர் குடும்பம், லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அரிவாளும் கோடரியும் அடித்துக்கொண்டிருந்தது. இடுக்கியில் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஆண் உட்கார்ந்திருந்தார். சம்மட்டியை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. என் உயரம்தான் இருப்பார். நாம் பிடிக்கத் தகுதியில்லை என்று சொல்லப்பட்ட கருவிகளை ஒரு பெண்தான் அடித்து உருவாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியதைக் கையால் அளந்து காட்டினேன். வேறு யாருக்கும் புரியாதது அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று புரிந்தது. குறுகிய தகடு, கனம் குறைவு, காது மட்டும் தடிமன். தச்சர் ஒருவர் கருவேலங்கட்டையில் காம்பு செதுக்கிக் கொடுத்தார். கடை விலையைவிடச் சற்றுக் கூட ஆயிற்று. மூன்று வருடமாக உழைக்கிறது.

நீங்களும் வாங்கப் போவீர்கள் என்ற நம்பிக்கையில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவைக்கிறேன். காம்பைச் சுற்றிப் பிடியுங்கள்; கட்டைவிரல் நுனி நடுவிரல் நுனியைத் தொட வேண்டும். கடையிலேயே இருபது முறை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. நின்று செய்யும் கொத்தானால் நிமிர்ந்து நின்று பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். காம்பு உங்கள் தோளுக்கும் தாடைக்கும் நடுவே வந்தால் ஏறக்குறைய சரி. தகட்டைச் சுண்டிப் பாருங்கள். அடித்துச் செய்த நல்ல இரும்பு கணீர் என்னும், மெல்லிய தகடு சொத்தென்று ஒலிக்கும். காம்பில் வண்ணம் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள், அடியில் கணு ஒளிந்திருக்கலாம். மரத்தின் ரேகை குறுக்கே ஓடாமல் நெடுக ஓட வேண்டும். காது பற்றவைத்ததாக இருந்தால் பற்றுவைத்த இடத்தைத் தடவிப் பாருங்கள். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள். மாதம் ஒருமுறை அரம் போடுங்கள். மழுங்கிய கருவியைப் போல உடம்பைத் தின்பது வேறில்லை.

அக்காவுக்கும் ஒன்று செய்யச் சொன்னேன், அவர் உயரத்துக்கு நாலரை அடிக் காம்போடு களைக்கொத்து. முதல் தடவை சரியாக வரவில்லை. காம்பு நீளமானதும் தகட்டின் சாய்வும் மாற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அது மண்ணைக் கொத்தாமல் மேலே வழித்துக்கொண்டு போனது. "இது என்ன டீச்சர், கூட்டற மாதிரி இருக்கு" என்றார். திருப்பி எடுத்துப்போய் உள்பக்கமாக வளைத்து வந்தோம். பிறகு சரியாயிற்று. நிமிர்ந்து நின்று அவர் பாத்தியை முடித்த அன்றைக்குத்தான் அவருடைய முழு உயரத்தை நான் பார்த்தேன்.

வேலைக்குப் போகிற காட்டுக்கும் அதை எடுத்துப்போங்கள் என்றேன். எடுத்துப்போனார். இரண்டாம் நாள் திரும்பக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்தார். "நின்னுக்கிட்டே வேலை செஞ்சா வேலை எப்படி ஓடும்னு கேக்கறாங்க. மத்தவங்க எல்லாம் குனிஞ்சிருக்கும்போது நான் மட்டும் நட்டமா நிக்கறது கண்ணுக்கு உறுத்துதாம். இது இங்கயே இருக்கட்டும் டீச்சர்."

கலிஃபோர்னிய வயல் வரப்பில் நின்ற மேற்பார்வையாளரின் அதே கண்தான் இதுவும். எனக்கு ஒரு நல்ல கருவி கிடைத்துவிட்டது என்று நான் இந்தக் கட்டுரையை முடித்துவிட முடியாமல் போனது இதனால்தான். காசு கொடுத்து என் முதுகைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு முடிந்தது. அவர் கையில் கருவி இருந்தும் நிமிர்ந்து நிற்க அவருக்கு அனுமதி இல்லை. ஒருத்தி மட்டும் நிமிர்ந்தால் உறுத்தும். இருபது பேரும் நிமிர்ந்தால் அதுவே வேலை செய்யும் முறை ஆகிவிடும். அதனால்தான் இதைத் தனித்தனியாகத் தேடி வாங்குகிற விஷயமாக விட்டுவிடக் கூடாது என்கிறேன். மானியத் தொகுப்பில் அளவு கேட்கும் கட்டம் வேண்டும். மாணவிகளுக்குச் சைக்கிள் தரும்போது மாணவர்களுக்குத் தருவதே போதும் என்று இந்த அரசு சொல்லவில்லை, அவர்களுக்கென்று வேறு வடிவத்தில் வாங்கித் தந்தது. களைக்கொத்துக்கும் அதைச் செய்யட்டும். போபாலில் எடுத்த அளவு கடைவீதிக்கு வரட்டும்.

போன மாதம் அதே இரும்புக் கடைக்குப் போனேன். என் மண்வெட்டியையும் அக்காவின் களைக்கொத்தையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டினேன். இதுமாதிரி வாங்கி வையுங்கள் என்றேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார், காம்பைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நாலு பேரு வந்து கேட்டா வெச்சிடலாம்மா" என்றார்.

கேட்டது இப்போதைக்கு ஒருத்தி. இன்னும் மூன்று பேர் வேண்டும். உங்கள் ஊர்க் கடைவீதியிலும் அப்படித்தான் இருக்கும். போய்க் கேளுங்கள். யாருக்கு என்று கேட்டால், எனக்குத்தான் என்று சொல்லுங்கள்.